ஒரே லேப்டாப்பில் 3 வெப்சைட் வேலை... ஒன்றோடொன்று மோதாமல் இயக்குவது எப்படி?

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. இன்னைக்கு ஓப்பன் பண்ணா வெள்ளை ஸ்கிரீன்தான் வருது." வெப்சைட் உருவாக்கும் வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. அந்த ப்ராஜெக்ட்டில் அவர்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால், வேறொரு ப்ராஜெக்ட்டுக்காக அதே லேப்டாப்பில் புதிதாக எதையோ இன்ஸ்டால் செய்திருப்பார்கள். பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

ஃப்ரீலான்ஸராக வேலை பார்ப்பவர்கள், சிறு நிறுவன ஊழியர்கள், படித்துக்கொண்டே ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் என பலருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கணினி வாங்குவது சாத்தியமில்லை. இருப்பது ஒரே லேப்டாப். அதில் பல வெப் டெவலப்மென்ட் சூழல்களைப் பிரித்து வைப்பது எப்படி? எந்த வழிக்கு எவ்வளவு ரேம் வேண்டும்? எங்கே கவனம் தேவை? விரிவாகப் பார்க்கலாம்.

மோதல் எங்கிருந்து வருகிறது?

ஒரு டெவலப்பரிடம் மூன்று வேலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, பல ஆண்டுகளுக்கு முன்பு பிஎச்பி 7.4-ல் எழுதப்பட்ட ஒரு கடையின் வெப்சைட். இரண்டாவது, பிஎச்பி 8-ல் புதிதாகத் தொடங்கும் பள்ளி அட்மிஷன் போர்ட்டல். மூன்றாவது, நோட் ஜேஎஸ்-ல் ஓடும் உணவு ஆர்டர் ஆப்.

ஒரே கணினியில் இருக்கும்போது இந்த மூன்றும் மூன்று விஷயங்களுக்காகச் சண்டை போடும்.

1. வெர்ஷன்: ஒருவருக்கு பழையது வேண்டும், இன்னொருவருக்கு புதியது வேண்டும்.
2. போர்ட்: மூன்று சர்வர்களும் ஒரே கதவு எண்ணைக் கேட்கும்.
3. டேட்டா: ஒரு ப்ராஜெக்ட்டின் டேட்டாபேஸ், லாகின், பாஸ்வேர்டு இன்னொன்றோடு கலந்துவிடும்.

இந்த மூன்றையும் பிரித்து வைத்தால் வேலை முடிந்தது. எந்த அளவுக்குப் பிரிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

வெர்ஷன் மாறினால் என்ன ஆகும்?

"புது வெர்ஷன் போட்டா நல்லதுதானே?" என்று தோன்றலாம். ஆனால் அது எப்போதும் சரியல்ல.

பிஎச்பி 7.4-க்கான அதிகாரப்பூர்வ ஆதரவு 2022 நவம்பர் 28-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு அதற்கு பாதுகாப்பு அப்டேட் கிடையாது. ஆகவே பழைய வெப்சைட்டுகளை பிஎச்பி 8-க்கு மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றிய உடனே எல்லாம் அப்படியே ஓடிவிடாது.

ஒரு சின்ன உதாரணம். பூஜ்யம் என்ற எண்ணையும், எண்ணே இல்லாத ஒரு சொல்லையும் 'இரண்டும் சமமா' என்று பிஎச்பி 7-ல் சாதாரணமாக ஒப்பிட்டால் 'ஆமாம்' என்று பதில் வரும். பிஎச்பி 8-ல் 'இல்லை' என்று வரும். எரர் மெசேஜ் எதுவும் வராது. பில் கணக்கிலோ, தள்ளுபடி கணக்கிலோ இப்படி ஒரு வரி இருந்தால், வெப்சைட் ஓடிக்கொண்டே தப்பான விடையைக் காட்டும். வெள்ளை ஸ்கிரீனைவிட இது ஆபத்தானது.

தலைகீழாகவும் நடக்கும். லேப்டாப்பில் பிஎச்பி 8 இருக்கிறது, ஹோஸ்டிங் சர்வரில் 7.4 இருக்கிறது என்றால், 8-ல் மட்டும் உள்ள வசதிகளைப் பயன்படுத்தி எழுதிய கோடு வீட்டில் ஓடும். லைவுக்கு போனதும் நின்றுவிடும்.

நோட் ஜேஎஸ் உலகிலும் இதே கதைதான். 2021 அக்டோபரில் நோட் ஜேஎஸ் 17 வெளியானபோது அதற்குள் இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மூன்றாம் வெர்ஷனுக்கு மாறியது. வெப்பேக் 4-ஐ நம்பியிருந்த ஏராளமான பழைய ப்ராஜெக்ட்டுகள் அதில் பில்ட் ஆகாமல் நின்றன. கோடில் தப்பு இல்லை. கீழே இருந்த வெர்ஷன்தான் மாறியிருந்தது.

ஆக, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் அதன் லைவ் சர்வரில் என்ன வெர்ஷன் இருக்கிறதோ, அதே வெர்ஷன் லேப்டாப்பிலும் இருக்க வேண்டும்.

போர்ட் என்றால் என்ன? ஏன் சண்டை?

கணினியை ஒரு அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொண்டால், போர்ட் என்பது வீட்டின் கதவு எண். தெரு முகவரி எல்லோருக்கும் ஒன்றுதான். அதுதான் லோக்கல்ஹோஸ்ட், எண்ணில் சொன்னால் 127.0.0.1. கதவு எண்கள் 65,535 வரை இருக்கின்றன. ஒரே முகவரியில் ஒரு கதவு எண்ணில் ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் குடியிருக்க முடியும்.

சில கதவு எண்கள் பழக்கத்தில் நிலைத்துவிட்டன.

* சாதாரண வெப்சைட்: 80
* பாதுகாப்பான வெப்சைட்: 443
* மைஎஸ்க்யூஎல்: 3306
* போஸ்ட்கிரேஸ்: 5432
* ஜாங்கோ: 8000
* நெக்ஸ்ட் ஜேஎஸ்: 3000
* வீட்: 5173

இரண்டு நெக்ஸ்ட் ஜேஎஸ் ப்ராஜெக்ட்டுகளை ஒரே நேரத்தில் திறந்தால் இரண்டுமே 3000-ஐக் கேட்கும். சில கருவிகள் 'இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று எரர் காட்டி நின்றுவிடும். சில கருவிகள் தாங்களாகவே அடுத்த எண்ணுக்குப் போய்விடும். டெர்மினலில் ஒரு வரி வரும், அதைப் பலர் கவனிக்க மாட்டார்கள். பிரவுசரில் பழைய 3000 திறந்தே இருக்கும். "எவ்ளோ மாத்தினாலும் பக்கத்துல ஒண்ணும் மாறலையே" என்று அரை மணி நேரம் மண்டை காயும். பார்த்துக்கொண்டிருப்பது வேறு ப்ராஜெக்ட்!

மேக் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பைத்தானின் ஃபிளாஸ்க் இயல்பாக 5000-ல் ஓடும். 2021-ல் வந்த மேக்ஓஎஸ் மான்டெரேயில் ஏர்பிளே ரிசீவர் வசதி அதே 5000-ஐ எடுத்துக்கொண்டது. ஃபிளாஸ்க் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

எந்த புரோகிராம் கதவை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. விண்டோஸில் 'நெட்ஸ்டாட்' கமாண்டும், மேக் மற்றும் லினக்ஸில் 'எல்எஸ்ஓஎஃப்' கமாண்டும் போர்ட்டையும் அதைப் பிடித்திருக்கும் புரோகிராமின் எண்ணையும் காட்டும். விண்டோஸில் அந்த எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால் பெயர் தெரிந்துவிடும்.

இதைவிட நல்ல வழி, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் நிரந்தரமாக ஒரு வரிசையை ஒதுக்குவது. கடை வெப்சைட்டுக்கு 8010, பள்ளி போர்ட்டலுக்கு 8020, உணவு ஆப்புக்கு 8030 என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டால் சண்டையே வராது.

எண் போதாது, பெயரும் வேண்டும்

கதவு எண்ணை மாற்றியும் ஒரு சிக்கல் மீதம் இருக்கும். ஒரு ப்ராஜெக்ட்டில் லாகின் செய்தால், இன்னொன்றில் லாகவுட் ஆகிவிடலாம். ஏன்?

குக்கீ விஷயத்தில் பிரவுசர் போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை. 8010 ஆனாலும் 8020 ஆனாலும் அதற்கு எல்லாமே லோக்கல்ஹோஸ்ட்தான். பிஎச்பி இயல்பாக வைக்கும் செஷன் குக்கீயின் பெயரும் எல்லா ப்ராஜெக்ட்டிலும் ஒன்றே. ஒன்றின் மேல் இன்னொன்று எழுதப்பட்டுவிடும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். விண்டோஸில் சி டிரைவில் உள்ள 'ஹோஸ்ட்ஸ்' என்ற சிறிய ஃபைலில் 'கடை டாட் டெஸ்ட்', 'பள்ளி டாட் டெஸ்ட்' போன்ற பெயர்களை 127.0.0.1-க்கு நேராக எழுதினால் போதும். அட்மின் அனுமதியோடு திறக்க வேண்டும். பிறகு அப்பாச்சியில் 'விர்ச்சுவல் ஹோஸ்ட்' அமைத்தால், எந்தப் பெயரில் கேட்கிறார்களோ அந்த ப்ராஜெக்ட்டின் ஃபோல்டரை அது காட்டும். அப்போது எல்லாமே 80 என்ற ஒரே போர்ட்டில் ஓடலாம். ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் தொட பயமாக இருந்தால், 'கடை டாட் லோக்கல்ஹோஸ்ட்' என்று பெயர் வைக்கலாம். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைத் தாமாகவே உங்கள் கணினிக்கு அனுப்பிவிடும்.

'டாட் டெவ்' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். அது கூகுளுக்குச் சொந்தமான உண்மையான டொமைன். 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, டாட் டெவ் முகவரிகள் எல்லாவற்றையும் பாதுகாப்பான இணைப்புக்குக் கட்டாயமாக மாற்றியது. தங்கள் லேப்டாப்பில் அந்தப் பெயரை வைத்திருந்தவர்களின் சைட்டுகள் திடீரென்று திறக்கவில்லை. 'டாட் டெஸ்ட்' அப்படியல்ல. சோதனைக்காகவே 1999-ல் ஒதுக்கி வைக்கப்பட்ட பெயர் அது. யாரும் வாங்க முடியாது.

பிரித்து வைக்க 3 வழிகள்

வழி 1: வெர்ஷன் மேனேஜர்

கணினிக்கு பாரமே இல்லாத வழி இது. ஒரே மொழியின் பல வெர்ஷன்களை வைத்துக்கொண்டு, ப்ராஜெக்ட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நோட் ஜேஎஸ்-க்கு என்விஎம் என்ற கருவி இருக்கிறது. விண்டோஸுக்கு அதே பெயரில் தனியாக ஒரு கருவி உண்டு. பைத்தானில் 'வெண்வ்' என்ற வசதி 3.3 வெர்ஷனிலிருந்து கூடவே வருகிறது. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி லைப்ரரி ஃபோல்டரை அது உருவாக்கித் தரும். பிஎச்பிக்கு விண்டோஸில் லாரகான் போன்ற கருவிகளில் வெர்ஷனை மெனுவிலேயே மாற்றலாம். லினக்ஸில் 'பிஎச்பி எஃப்பிஎம்' மூலம் ஒரே நேரத்தில் ஒரு சைட்டுக்கு 7.4, இன்னொன்றுக்கு 8 என்று கொடுக்கலாம்.

குறை என்ன? மொழி மட்டும்தான் பிரியும். டேட்டாபேஸும் மற்ற சர்வர்களும் பொதுவாகவே இருக்கும்.

வழி 2: கன்டெய்னர்

இப்போது அதிகம் பேசப்படுவது இதுதான். 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் டாக்கர் முதன்முறையாக வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. ஒரு ப்ராஜெக்ட்டுக்குத் தேவையான மொழி, வெர்ஷன், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டுத் தருவதுதான் இதன் வேலை.

ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் வாடகை போர்ஷன்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி சமையலறை, தனி பூட்டு. ஆனால் தண்ணீர் மோட்டார் பொது. கன்டெய்னர்களும் அப்படித்தான். லினக்ஸின் கெர்னல் பொது, மற்றதெல்லாம் தனி.

இதனால் கடை வெப்சைட்டுக்கு பிஎச்பி 7.4-ம் பழைய மைஎஸ்க்யூஎல்லும், பள்ளி போர்ட்டலுக்கு பிஎச்பி 8-ம் புதிய மைஎஸ்க்யூஎல்லும் ஒரே நேரத்தில் ஓடும். உள்ளே இரண்டுமே 3306-ல்தான் இருக்கும். வெளியே ஒன்றை 3307 என்றும், இன்னொன்றை 3308 என்றும் திறந்துவிட்டால் மோதல் இல்லை. இந்த அமைப்பு முழுவதையும் 'கம்போஸ்' ஃபைலில் எழுதி வைக்கலாம். புது லேப்டாப் வாங்கினாலும், நண்பருக்குக் கொடுத்தாலும் அந்த ஃபைல் இருந்தால் அதே சூழல் மறுபடி வந்துவிடும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். விண்டோஸ், மேக் கணினிகளில் இயங்கும் 'டாக்கர் டெஸ்க்டாப்' எல்லோருக்கும் இலவசம் அல்ல. 250 ஊழியர்களுக்கு மேல் உள்ள, அல்லது ஆண்டு வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்கள் சந்தா கட்ட வேண்டும் என 2021-ல் அறிவிக்கப்பட்டது. தனிநபர், மாணவர், சிறு நிறுவனங்களுக்குச் சிக்கல் இல்லை. பாட்மேன் போன்ற இலவச மாற்றுகளும் உண்டு.

வழி 3: விர்ச்சுவல் மெஷின்

இது போர்ஷன் அல்ல, தனி வீடு. மோட்டாரும் தனி. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே கணினிக்குள் கணினியாக ஓட்டலாம். லைவ் சர்வரின் அதே லினக்ஸ் வெர்ஷன் வேண்டும், அல்லது நம்ப முடியாத ஒரு பழைய கோடைத் திறந்து பார்க்க வேண்டும் என்றால் இதுதான் பாதுகாப்பு. ஆனால் ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் அதிகம் விழுங்கும்.

8 ஜிபி ரேம் போதுமா?

போதும். எதை, எத்தனை ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தலா 2 ஜிபி கொடுத்து இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டினால் 4 ஜிபி அங்கேயே போய்விடும். விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் மீதி 4 ஜிபிதான். லேப்டாப் திணறும்.

விண்டோஸில் டாக்கர் பொதுவாக டபிள்யூஎஸ்எல் 2 என்ற லினக்ஸ் வசதியின் மேல் ஓடுகிறது. இது இயல்பாகவே கணினியின் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். டபிள்யூஎஸ்எல் அமைப்பு ஃபைலில் '3 ஜிபிக்கு மேல் போகாதே' என்று ஒரு வரி எழுதினால் கட்டுப்படும்.

இன்னொரு குறிப்பு. டபிள்யூஎஸ்எல் பயன்படுத்தும்போது ப்ராஜெக்ட் ஃபைல்களை விண்டோஸின் சி டிரைவில் வைக்காமல், லினக்ஸ் பகுதிக்குள்ளேயே வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஃபைல்கள் போய்வருவதால்தான் பல நேரம் வேகம் குறைகிறது. "டாக்கர் ரொம்ப ஸ்லோ" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுவும் இருக்கும்.

வேலை செய்யாத ப்ராஜெக்ட்டை நிறுத்தி வைப்பதும் முக்கியம். மூன்று சூழல்கள் இருக்கலாம், மூன்றும் எந்நேரமும் ஓட வேண்டியதில்லை.

டேட்டாவில்தான் உண்மையான ஆபத்து

வெர்ஷன் மோதினால் ஒரு நாள் வேலை கெடும். டேட்டா மோதினால் வாடிக்கையாளரின் தொழிலே கெடும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இதற்கு உலகறிந்த உதாரணம். மாற்று டேட்டாபேஸ் சர்வரில் கொடுக்க வேண்டிய டெலிட் கமாண்டை, ஒரு இன்ஜினீயர் தவறுதலாக முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினாலும், சுமார் 300 ஜிபி டேட்டாவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த நகல் ஒன்று இருந்ததால் தப்பித்தார்கள். அந்த இடைப்பட்ட நேரத்து டேட்டா போனது போனதுதான். இதை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது டெர்மினலிலேயே தெளிவாகத் தெரியும்படி மாற்றுவதும் அவர்கள் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று.

அது லேப்டாப்பில் நடந்தது அல்ல. ஆனால் காரணம் எல்லா லேப்டாப்பிலும் இருக்கிறது. ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஜன்னல்கள்! சூழல்கள் அதிகமாக ஆக, 'நாம் இப்போது எதில் இருக்கிறோம்' என்ற குழப்பமும் அதிகமாகும். அதைத் தவிர்க்க சில வழிகள்:

* ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி டேட்டாபேஸ், தனி யூசர், தனி பாஸ்வேர்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் 'ரூட்' யூசரைப் பயன்படுத்த வேண்டாம்.
* லைவ் சர்வரின் பாஸ்வேர்டை லேப்டாப்பில் உள்ள ப்ராஜெக்ட் ஃபோல்டரில் வைக்கவே வேண்டாம்.
* டெர்மினலின் நிறத்தை மாற்றுங்கள். லைவ் என்றால் சிவப்பு, லேப்டாப் என்றால் பச்சை. பார்த்ததும் கை நிற்கும்.
* கன்டெய்னரில் டேட்டாபேஸ் ஓடினால் அதன் டேட்டாவை 'வால்யூம்' என்ற தனி இடத்தில் சேமியுங்கள். இல்லாவிட்டால் கன்டெய்னரை நீக்கும்போது டேட்டாவும் போய்விடும்.
* கம்போஸை நிறுத்தும் 'டவுன்' கமாண்டோடு 'வி' என்ற எழுத்தைச் சேர்த்தால் வால்யூமும் அழிந்துவிடும். இணையத்தில் பார்த்த கமாண்டை அப்படியே காப்பி செய்யும் முன் இதைக் கவனியுங்கள்.
* பேமெண்ட் கேட்வேக்கு டெஸ்ட் கீயை மட்டும் பயன்படுத்துங்கள். மெயில் அனுப்பும் சோதனைக்கு மெயில்பிட் போன்ற கருவி உதவும். அனுப்பும் மெயிலை அது உங்கள் கணினியிலேயே பிடித்துக் காட்டும், உண்மையான வாடிக்கையாளருக்குப் போகாது.

ஒரே வைஃபையில் இருப்பவர்கள் பார்க்க முடியுமா?

முடியும். பலருக்கும் தெரியாத விஷயம் இது. டாக்கரில் ஒரு போர்ட்டை வெளியே திறந்தால், அது இயல்பாக உங்கள் கணினிக்கு மட்டும் திறப்பதில்லை. கணினியின் எல்லா நெட்வொர்க் வழிகளிலும் திறக்கும். கஃபேயிலோ, ஹாஸ்டலிலோ பொது வைஃபையில் இருந்தால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொருவர் உங்கள் டேட்டாபேஸ் கதவைத் தட்டிப் பார்க்க முடியும். லினக்ஸில் 'யுஎஃப்டபிள்யூ' ஃபயர்வாலில் தடை போட்டிருந்தாலும், டாக்கர் அதைத் தாண்டிப் போய்விடும்.

தீர்வு எளிது. போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்துவிட்டால், அந்தக் கதவு உங்கள் கணினிக்கு மட்டுமே திறக்கும்.

மொபைலில் வெப்சைட் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டுமா? மொபைல் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் அது மொபைலுக்குள்ளேயே தேடும், லேப்டாப்புக்கு வராது. லேப்டாப்பின் வைஃபை ஐபி முகவரியைத்தான் அடிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு மட்டும் வெப்சைட் போர்ட்டைத் திறந்துவிட்டு, பார்த்ததும் மூடிவிடுவது நல்லது. டேட்டாபேஸ் போர்ட்டை இதற்காகத் திறக்கத் தேவையே இல்லை.

யாருக்கு எது சரி?

* இப்போதுதான் கற்கத் தொடங்கியவர், ஒரே மொழி: வெர்ஷன் மேனேஜர் போதும். டாக்கரில் தலையை விட அவசரம் இல்லை.
* இரண்டு, மூன்று வாடிக்கையாளர்கள், ஒவ்வொருவருக்கும் வேறு வெர்ஷன், வேறு டேட்டாபேஸ்: கன்டெய்னர்தான் சரியான வழி.
* 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்: வெர்ஷன் மேனேஜர், தனித்தனி டேட்டாபேஸ் யூசர், 'டாட் டெஸ்ட்' பெயர்கள். இந்த மூன்றே பெரும்பாலான சண்டையைத் தீர்த்துவிடும்.
* லைவ் சர்வரை அப்படியே நகல் எடுக்க வேண்டும், அல்லது சந்தேகத்துக்குரிய கோடைச் சோதிக்க வேண்டும்: விர்ச்சுவல் மெஷின்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு ப்ராஜெக்ட் ஃபோல்டரிலும் ஒரு சிறிய குறிப்பு ஃபைல் வையுங்கள். என்ன மொழி, எந்த வெர்ஷன், எந்த போர்ட், டேட்டாபேஸின் பெயர் என்ன, எந்த கமாண்டில் தொடங்க வேண்டும் என்று ஐந்தே வரி. ஆறு மாதம் கழித்து அந்தக் கடைக்காரர் போன் செய்து, "தம்பி, சைட்ல விலையை மட்டும் மாத்தணும்" என்று சொல்லும்போது, அந்த ஐந்து வரிகள்தான் உங்கள் ஒரு நாளைக் காப்பாற்றும்.